ஒரு டம்ளர் பாலுக்குக் கல்யாண அடுப்பு

அத்தியாயம் 4

ரபியா மேடத்திடம் நான் உதவியாளனாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அவருடைய அத்தாவின் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். காணாமல் போன சீமைப் பசு, கம்பி நீட்டிய எஸ்டேட் ரைட்டர், லோடோடு மாயமான பலாப்பழ லாரி என்று எத்தனையோ கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். கருப்பண்ணன் வந்தால் டீக்கடைக்காரர்கூட இன்னொரு ஆற்று ஆற்றித் தருவார். ஆனால் மேடத்தின் வாயிலிருந்து ஒரு 'சபாஷ்' மட்டும் எனக்கு வந்ததில்லை.

அந்த சபாஷை பாய்லர் மெக்கானிக் ஸ்தனிஸ்லாஸ் அறிமுகமான கையோடு வாங்கிவிட்டான். இந்த வழக்கைச் சொல்லும்போது என் பேச்சில் கொஞ்சம் புகைச்சல் அடித்தால், அது பாய்லர் புகை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தவர் சின்னராஜ். செம்மநத்தம் போகும் ரோட்டில் காப்பித் தோட்டம், டவுனில் மிளகு மண்டி, நல்ல வசதி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததிலிருந்து கையில் இருந்த போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். மிளகு விலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க மேடம், எங்க ஊட்டு பாய்லர் இந்தப் பனி ஆரம்பிச்சதுல இருந்து நின்னு நின்னு போவுதுங்க."

"மெக்கானிக்கக் கூப்புடுங்க. பாய்லருக்கு என்னத்துக்குங்க துப்பறியறவங்க?" என்றேன்.

"மெக்கானிக்கு மேலதானுங்க சந்தேகமே."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சின்னராஜ் விவரம் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு கேஸ் பாய்லர். அது தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக அறைகளுக்கு அனுப்பும். ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு இரும்புத் தகடு. சுடுதண்ணீர் அதற்குள் ஓட, அறை கதகதப்பாகும். ஹால், விருந்தாளி அறை, படுக்கை அறை, தையல் அறை என்று நாலு லைன். எந்த அறைக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ அதை அந்தந்த அறைச் சுவரில் இருக்கும் குமிழைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

"கிளியூர்ல எங்க சித்தப்பா மவன் ஊட்டுல மொதல்ல போட்டான். ஊரே போய்ப் பாத்துச்சு. எனக்குப் பொறுக்கலீங்க. அவன் போட்டதவிடப் பெருசாப் போடுன்னு சொல்லிப் போட்டதுங்க இது."

"நல்லதுங்க. சந்தேகம் என்ன?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாய்லர் நின்னா அந்த ஸ்தனிஸ்லாஸ் வர்றான். வந்தா டீ. டீ குடிச்சா பேச்சு. பேசினா என் சம்சாரம் வெண்ணிலா சிரிக்கிறா. எங்கிட்ட அவ அப்படிச் சிரிச்சு நொம்ப நாளாச்சுங்க. மறுவாரமே பாய்லர் திரும்ப நிக்குது. அவன் திரும்ப வர்றான். நான் மண்டில இருக்கற நேரமாப் பாத்து அவளேதான் எதையோ செஞ்சு நிறுத்தறா, அவன வரவழைக்க."

"பாத்தீங்களா?"

"பாக்கலீங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். இன்னைக்கு மத்தியானம் அவ அண்ணன் அங்கப்பன் ஆத்தூர்ல இருந்து வர்றாரு. நாந்தான் வரச் சொன்னேன். ஆதாரத்தக் காட்டி, உங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லிருவேன்."

அந்த மனிதரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருத்தி இன்னொருவன் பேச்சுக்குச் சிரித்தால் வயிறு எப்படிக் காந்தும் என்று எனக்குப் புரிந்தது.

மேடம் கேட்டார்: "நான் கண்டுபிடிக்கறது எதுவா இருந்தாலும் உங்க மச்சான் முன்னாடியே சொல்லலாமுங்களா?"

"தாராளமாச் சொல்லுங்க."

"ஆதாரம் வேற பக்கம் கை காட்டினா?"

"எந்தப் பக்கம் காட்டினாலும் சொல்லுங்க. இது என் வாக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போனார். படியிறங்கும்போதும் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

அவர் போனதும் மேடம் என்னிடம், "ஊட்டையே சூடாக்கி வெச்சிருக்கறவருக்கு இத்தன ஜலதோஷம் எங்கிருந்து வந்துச்சு கருப்பண்ணா?" என்றார்.

"பெரிய பாய்லர் இல்லீங்களா மேடம், பெரிய ஜலதோஷம்," என்றேன். நல்ல ஜோக்தான். அவர் சிரிக்கவில்லை.

*

நாங்கள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது சில்வர் ஓக் மரங்களைப் பனிமூட்டம் பாதி தின்றிருந்தது. வாசலில் ஒரு பைக் நின்றது. பாய்லர் காலையிலேயே நின்றுபோய், ஸ்தனிஸ்லாஸ் வந்துவிட்டிருந்தான்.

ஆள் நெடுநெடுவென்று இருந்தான். படிய வாரிய தலை, சென்ட் வாசனை, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரிச் சொருகியிருந்தான். ஒரு மெக்கானிக்குக்கு அத்தனை வெள்ளையாக எதற்குச் சட்டை என்று எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

வெண்ணிலா ஹாலில் உட்காரச் சொன்னாள். முப்பது வயதிருக்கும். சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். நாங்கள் இன்ஷூரன்ஸ் விஷயமாக பாய்லரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று மேடம் சொல்லிவைத்தார். வெண்ணிலா டீ போடப் போனாள்.

ஹால் பெரிய ஹால். சோபாவின் தோலில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஏற்காட்டில் அது அதிசயமில்லை. செருப்பைக்கூட நாலு நாள் போடாமல் விட்டால் பச்சை பிடித்துவிடும். அந்தப் பூஞ்சணத்துக்குப் பயந்து மேடம் சோபாவை விட்டு ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு மர நாற்காலி இருந்தது.

"உங்க பாய்லருக்கு என்னங்க வியாதி?" என்று ஸ்தனிஸ்லாஸிடம் கேட்டார் மேடம்.

"வியாதியே இல்லீங்க மேடம். அது களைச்சுப் போயிருக்கு."

"சபாஷ்," என்றார் மேடம்.

எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியது மாதிரி இருந்தது. அவன் அந்த மர நாற்காலியை நோக்கி நகர்ந்தான். நான் அதைச் சத்தமில்லாமல் என் பக்கம் இழுத்து, அதன் மேல் என் ஹெல்மெட்டை வைத்தேன். அவன் நின்றுகொண்டான். மேடம் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த இரும்புத் தகட்டை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

"அத மட்டும் ஏன் தொடறீங்க, நாலு ரூமுலயும் குமிழத் திருப்பி லைனத் தொறந்து விட்டர்றேன்," என்று ஸ்தனிஸ்லாஸ் சுவரை நோக்கிப் போனான். "ஒவ்வொரு தடவையும் வந்தா மொதல்ல அதத்தான் செய்வேன். நான் இருக்கறப்ப நல்லாத்தான் ஓடுது. கோயமுத்தூர்ல ட்ரெயினிங் எடுத்தவனுங்க நான்."

"திருப்பாதீங்க. எதையும் தொடாதீங்க. இப்படியே பாய்லர மட்டும் பத்த வைங்க. நான் பாக்கணும்," என்றார் மேடம்.

பின்பக்கக் கொட்டகைக்குப் போனோம். இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அளவுக்கு இருந்தது பாய்லர். அவன் புதுப் பாகம் ஒன்றை மாட்டி ஸ்விட்ச்சைப் போட்டான். டக்கென்று பொறி தட்டியது. நெருப்பு 'குபுக்' என்று பிடித்து உறுமியது. நான் கையை நீட்டிக் குளிர் காயலாம் என்று நினைப்பதற்குள் அணைந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டக், குபுக், உறுமல், அமைதி. மறுபடி டக்.

"விக்கல் எடுக்குது," என்றேன். "தண்ணி குடுத்தாச் சரியாயிரும்."

"அதுக்கு உள்ள பூராவும் தண்ணிதான்," என்றான் ஸ்தனிஸ்லாஸ். மேடம் சிரித்தார். என் ஜோக்குக்குச் சிரிக்காதவர் அவன் ஜோக்குக்குச் சிரித்தார்.

பாய்லரிலிருந்து நாலு குழாய் வெளியே போயின. மேடம் ஒவ்வொன்றாகத் தொட்டார். மூன்று பருமனான குழாயும் சில்லென்றிருந்தன. நாலாவது, விரல் தடிமன்கூட இல்லாத சின்னக் குழாய், அதில் மட்டும் கை வைக்க முடியவில்லை.

"இது எங்க போவுது?"

"தையல் ரூமுக்கு. இருக்கறதுலயே குட்டி ரூமு."

மேடம் என் பக்கம் திரும்பினார். "கருப்பண்ணா, கல்யாண அடுப்புல ஒரு டம்ளர் பால் வெச்சா என்ன ஆகும்?"

"வெச்ச கையோட பொங்கும். ஓடிப் போய் அணைக்கணும்."

"ஆறினா?"

"மறுபடி பத்த வைக்கணும். மறுபடி பொங்கும். சமையல்காரன் அன்னைக்கே வேலைய விட்டுட்டுப் போயிருவான்."

"அதேதான். இது கல்யாண அடுப்பு. தையல் ரூமு ஒரு டம்ளர் பாலு. நாலு ரூமும் சூடு குடிச்சா இது நிதானமா ஓடும். ஒரே ஒரு குட்டி ரூமு மட்டும் குடிச்சா, குடுக்கற சூட்ட வாங்கறதுக்கு ஆளில்ல. உடனே கொதிச்சு நிக்கும். ஆறினதும் பத்தும். இப்படியே நாளெல்லாம்."

ஸ்தனிஸ்லாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அதான் பொறி தட்டற பாகம் மட்டும் தேஞ்சு தேஞ்சு போவுது. எரியறதுல அது தேயாதுங்க, பத்த வைக்கறதுலதான் தேயும். கேஸும் பாதி புகைபோக்கிலயே போயிரும். நான் வந்ததும் நாலு லைனையும் தொறந்துட்டுப் பாத்தா எனக்கு எங்கிருந்து தெரியும்?"

கோயமுத்தூர் ட்ரெயினிங்காரனுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது. அந்தத் தெம்பில் அவன் பையைத் துழாவினேன். உள்ளே இந்த பாய்லரிலிருந்து கழற்றிய பழைய பாகங்கள் கிடந்தன.

"மேடம், கேஸ் முடிஞ்சுது," என்றேன். "மூணு லைனையும் மூடிட்டுப் போறதே இவன்தான். பாகம் போகும், கூப்பிடுவாங்க, வரலாம், டீ குடிக்கலாம், சிரிக்க வைக்கலாம். இந்தாங்க தடயம்."

"பழசத் திருப்பிக் குடுத்தாத்தானுங்க கம்பெனில புதுசு தருவாங்க," என்றான் அவன்.

"கருப்பண்ணா," என்றார் மேடம், "இவர் வந்தா லைனத் தொறக்கறார். மூடறது இவர் போன பின்னாடி. நீ இவர் மேல பழியப் போடணும்னு வந்ததுல இருந்து தவிக்கற. பைய மூடு."

மூடினேன். பையை மட்டும்தான்.

*

தையல் அறையில் நுழைந்ததும் முகத்தில் ஈரத்துணி அடித்தது. சின்னராஜின் வேட்டி, போர்வை, தலையணை உறை, உள்பாவாடை என்று வீட்டுத் துணி மொத்தமும் அந்தக் குட்டி அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றில் தொங்கியது. நடுவில் தையல் மிஷின், அதற்கு ஒரு நாற்காலி. வேறு ஆள் வந்தால் நிற்கத்தான் இடம்.

"அத்தாம் பெரிய ஹால விட்டுட்டு ஏம்மா துணியெல்லாம் இங்க?" என்று கேட்டார் மேடம்.

"இங்கதானுங்க்கா காயுது. இந்தப் பனில வெளிய போட்டா ஊறத்தான் செய்யும்," என்றாள் வெண்ணிலா.

"ஹால்ல குமிழத் திருப்பறதில்லையா?"

"திருப்புவேனுங்க. சூடு ஏறும். கொஞ்ச நேரத்துல அதுவாக் குளுந்துரும். அவர்ட்டக் கேட்டா பாய்லர் கோளாறுங்கறாரு."

"மொதல்ல குளுந்தது எந்த ரூமு?"

வெண்ணிலா யோசித்தாள். "ஹாலுங்க. ஸ்தனி அண்ணன் மொதல் தடவ ரிப்பேருக்கு வந்து அங்க உக்காந்து டீ குடிச்சுட்டுப் போனாரு. அப்புறம் விருந்தாளி ரூமு. மழைன்னு அடுத்த தடவ அங்க ஒக்கார வெச்சு டிபன் குடுத்தேன். அப்புறம் எங்க படுக்கற ரூமு. குழாயில காத்து அடைச்சிருக்குன்னு அண்ணன் உள்ள போய்ப் பாத்தாரு, அதோட அதுவும் போச்சு. அண்ணன் வந்துட்டுப் போனா எங்க உக்காந்தாரு, என்ன பாத்தாருன்னு எல்லாத்தையும் ஊட்டுக்காரர்ட்டச் சொல்லிருவேன். ராத்திரி நானும் அவரும் ரெண்டு ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டுப் படுக்கறோம்."

துணிக் கயிற்றைச் சரிசெய்வது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த ஊடு என்னைய ஒரு மூலைக்குத் தள்ளிக்கிட்டே வர்ற மாதிரி இருக்குதுங்க்கா. இனி இந்த ரூமும் போனா எங்க போய் உக்காருவேன்னு தெரியல. எங்கண்ணன் இன்னைக்கு வர்றாராம். எதுக்குன்னு கேட்டா அவரு பதில் சொல்லல. மனசே சரியில்ல."

மேடம் அவள் தோளைத் தொட்டார். "இன்னொரு தடவ டீ போடும்மா. நாலு டம்ளரா. எல்லாரும் ஹால்லயே குடிப்போம்."

ஹாலுக்கு வந்ததும் அவரே சுவர்க் குமிழைத் திருப்பினார். குமிழின் மேல் சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது. கொட்டகையில் பாய்லர் பிடித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. சீராக ஓடிக்கொண்டேயிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரும்புத் தகடு வெதுவெதுப்பாகி, பிறகு நன்றாகவே சுட்டது. வெண்ணிலா ஆச்சரியமாக அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"யாரும் எடத்த விட்டு நகரக் கூடாது. எல்லார் கையும் டம்ளர்லயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மேடம் போனை எடுத்தார்.

"சின்னராஜுங்களா? ரபியா பேசறேன். உங்க ஊட்லதான் இருக்கேன், ஹால்ல. நொம்ப சொகமா இருக்குங்க. ஸ்தனிஸ்லாஸும் இங்கதான் உக்காந்து டீ குடிக்கறார். உங்க சம்சாரம் அவரோட என்னவோ பேசிச் சிரிச்சுக்கிட்டிருக்கு. வேறொண்ணுமில்ல, சும்மா கூப்பிட்டேன்."

யாரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் வாயைப் பிளந்து மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போனை வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினார்.

குமிழின் பச்சை விளக்கு அணைந்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கொட்டகையில் பாய்லர் அடங்கியது. பிறகு, டக். குபுக். விக்கல் ஆரம்பித்துவிட்டது.

ஸ்தனிஸ்லாஸ் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். "சூட்டப் போன்ல இருந்தே ஏத்தி எறக்கலாம்னு நாந்தானுங்க அவர் போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தேன். அவர் அதத் தொடறதே இல்லன்னு நெனச்சேன்."

அவர் காலையில் எங்கள் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்தது மிளகு விலை அல்ல. வீட்டில் எந்த அறை சூடாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்ணிலா சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவரா?" என்றாள். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, "படுக்கற ரூமையுமா?" என்றாள்.

"மேடம், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"உன்னப் பாத்துத்தான்."

"என்னையா?"

"இவர நான் பாராட்டினதும் நீ என்ன செஞ்ச? இவர வெளிய போன்னு சொல்லல. அடிக்கல. உக்காரப் போன நாற்காலிய இழுத்துக்கிட்ட. பொறாமைக்காரன் ஆளத் தொரத்த மாட்டான், அதுக்குத் தைரியம் வேணும். ஆள் உக்கார்ற எடத்த எடுத்துருவான். அப்பத்தான் இந்த ஹால் ஏன் சில்லுன்னு இருக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. இவர் உக்காந்த ரூமெல்லாம் போச்சு, ஒத்த நாற்காலி இருக்கற ரூமு மட்டும் மிச்சம். ஆள் இல்லாம குமிழ அணைக்கணும்னா, காலையில அவர் எடுத்து எடுத்துப் பாத்த போனாத்தான் இருக்கணும். நீ மட்டும் ஹெல்மெட்ட வைக்கலீன்னா நான் இன்னும் குழாயத் தொட்டுக்கிட்டு இருந்திருப்பேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "சபாஷ்."

மூன்று வருடம் காத்திருந்த சபாஷ். அதை அந்த வெள்ளைச் சட்டைக்காரன் முன்னால், அதுவும் எதற்காக வாங்கினேன் பாருங்கள். கூசிப்போனேன்.

*

ஜீப் சத்தம் கேட்டது. சின்னராஜ் வேகமாக உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மச்சான் அங்கப்பன், ஒரு கையில் கரும்புக் கட்டு, இன்னொரு கையில் பித்தளைப் பானையும் சேலையும் வைத்த தட்டு.

"பொங்கச் சீரோடயே வந்துட்டேன் கண்ணு," என்றார் தங்கையிடம். "மாப்ள போன் போட்டு அவசியம் வரணும்னாரு. தானாக் கூப்புட்டுச் சீர் கேக்கற மாப்ள யாருக்குக் கெடைக்கும்?"

வெண்ணிலா தட்டை வாங்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னராஜ் அதைக் கவனிக்கவில்லை. "கண்டுபிடிச்சாச்சுங்களா மேடம்? பாய்லர நிறுத்தி இவன வரவழைக்கறது யாரு?"

"கண்டுபிடிச்சாச்சு. உங்க போன மேஜை மேல வெச்சுட்டு உக்காருங்க, சொல்றேன்."

போன் என்றதும் அவர் முகம் மாறியது. கை ஸ்வெட்டர் பையை இறுக்கிப் பிடித்தது.

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "ஸ்தனிஸ்லாஸ் ஒரு ரூமுல உக்காந்துட்டுப் போவார். நீங்க மண்டில இருந்தே அந்த ரூம அணைப்பீங்க. பெரிய பாய்லருக்குச் சூட்ட எறக்கற எடம் கொறையும். அது பத்தி அணைஞ்சு, பத்தி அணைஞ்சு, பாகம் தேஞ்சு நின்னுரும். நின்னா யார் வருவா? ஸ்தனிஸ்லாஸ். வந்து இன்னொரு ரூமுல உக்காருவார். நீங்க அதையும் அணைப்பீங்க. இவர இந்த ஊட்டுக்கு விடாம வரவழைச்சது ஒரே ஒரு ஆளுங்க. நீங்கதான்."

சின்னராஜ் மூக்கை உறிஞ்சினார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரோடு, தன் வீட்டு ஹாலில், நடுங்கிக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு அவரைத் திட்ட அருகதை இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

அங்கப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மாப்ள இது, என்னமோ பாய்லருங்கறாங்க. சீருக்குத்தான என்னைய வரச் சொன்னீங்க?"

தப்பிக்க நல்ல வழி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கரும்பை வாங்கி மூலையில் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். சின்னராஜ் வாயைத் திறந்தார். "ஆமாங்க மச்சான், சீரு..." என்று ஆரம்பித்துவிட்டு வெண்ணிலாவைப் பார்த்தார்.

அவள் காத்திருந்தாள்.

"இல்லீங்க மச்சான்," என்றார். "உங்க தங்கச்சிய உங்களோட அனுப்பி வெக்கறதுக்காக வரச் சொன்னேன். அவ மேல சந்தேகப்பட்டேன். அவ எந்தத் தப்பும் செய்யல. செஞ்சது பூராவும் நானு."

அங்கப்பன் கரும்புக் கட்டைக் கீழே போட்டார். அவர் கை சும்மா இருக்காது என்று தோன்றியது. வெண்ணிலா இடையில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீ உக்காரு," என்றாள். "ஸ்தனி அண்ணா, இது மறுபடி நிக்காம இருக்க என்ன செய்யணும்?"

ஸ்தனிஸ்லாஸ் பதில் சொல்லத் தயங்கினான். பூஞ்சண சோபாவில் உட்கார மனமில்லாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தான். நான் மர நாற்காலியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துவிட்டு அதை அவன் பக்கம் தள்ளினேன். மேடம் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாக.

அவன் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "பாய்லருக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு பெரிய தண்ணித் தொட்டி வெச்சரலாமுங்க. மிஞ்சற சூடு அதுல தங்கும். வேணுங்கறப்ப அதுல இருந்து ரூமு எடுத்துக்கும், பாய்லர் ஓயாமப் பத்த வேண்டியதில்ல. அணைஞ்சதும் உடனே பத்தாம, தண்ணி நல்லா ஆறின பின்னாடி பத்தற மாதிரியும் வெச்சுவிடறேன். தையல் ரூமு லைன ஹால் லைனோட சேத்துவிட்டா குட்டி ரூமு தனியா ஓடாது. ரெண்டும் ஒண்ணா சூடாவும்."

"செய்ங்க. அப்புறம் அவர் போன்ல இருக்கறத எடுத்துட்டு எம் போன்ல போட்டுக் குடுங்க."

சின்னராஜ் போனைத் தானாகவே எடுத்து நீட்டினார். ஸ்தனிஸ்லாஸ் அதை வாங்கி ஏதோ அழுத்தி, வெண்ணிலாவின் போனிலும் ஏதோ அழுத்தினான். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். நாலு அறைக்கும் நாலு கட்டம் தெரிந்தது. நிதானமாக ஒவ்வொன்றையும் தொட்டாள். சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. கொட்டகையில் பாய்லர் பிடித்து, சீராக ஓட ஆரம்பித்தது.

அவள் உள்ளே போய்ச் சின்னப் பை ஒன்றோடு வந்தாள்.

"நான் எங்கண்ணன்கூட ஆத்தூருக்குப் போறேன்," என்றாள் புருஷனிடம். "நீங்க அனுப்பிப் போகல. நானாப் போறேன். திரும்பி வர்ற வரைக்கும் நாலு ரூமும் சூடா இருக்கட்டும். எந்த ரூமு அணைஞ்சாலும் எனக்கு அங்க தெரியும்."

"எப்ப வருவ?" என்று கேட்டார் சின்னராஜ்.

வெண்ணிலா வாசல்படியில் நின்றாள். சீர்த்தட்டிலிருந்த சேலையை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பானையும் கரும்பும் அங்கேயே கிடந்தன.

"தையல் ரூமுல துணி காயுது," என்றாள். "காஞ்சதும் மடிச்சு வெய்ங்க. வந்து பாக்கறேன்."

அங்கப்பனின் ஜீப் கிளம்பும் சத்தம் பனிக்குள் போய் மறைந்தது. நாங்களும் கிளம்பினோம். ஹெல்மெட்டை மாட்டும்போது தையல் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னராஜ் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் தொங்கிய அவள் ரவிக்கையின் கைப்பகுதியைத் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ரோட்டுக்கு வரும்வரை அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.